வட்டக் கேனில் இடது பக்கம்

பூதலூரைச் சுற்றியுள்ள பன்னிரண்டு கிராமங்களில் அம்சவல்லியின் இடது கை போகாத மாடு அநேகமாக இல்லை. நீளமான பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு அந்தக் கை மாட்டின் பின்பக்கத்துக்குள் இருக்கும். வலது கையில் சினை ஊசித் துப்பாக்கி. வாயில் அந்தத் தெருவின் வம்பு. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழில். ஆரம்பத்தில், "பொம்பளை மாட்டுக்கு ஊசி போடுறதா, கலிகாலம்" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. காலனித் தெருப் பெண் என்பதால் சாத்தியவர்கள் அதைவிட அதிகம். பருவத்துக்கு வந்து கத்துகிற மாடு சாதி பார்க்காது. ராத்திரி முழுக்கக் கத்தினால் காலையில் கதவு தானாகத் திறந்துவிடும். அவள் போட்டால் சினை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக "அம்சவல்லிக்குக் கைராசி" என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. அவளுக்கு நிலம் கிடையாது, நகை கிடையாது, விட்டுவிட்டுப் போன புருஷன் வைத்துவிட்டுப் போனது ஒன்றும் கிடையாது. இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான், அதை அவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள் என்றும் சொல்லவேண்டும்.

அவளுடைய அப்பா ரெத்தினம் நாற்பது வருஷம் அடுத்தவர் வயலில் நாற்றுக் கட்டு சுமந்துவிட்டு, இப்போது மூன்று மா நிலத்துக்குச் சொந்தக்காரர். மகளுக்குப் பெயர் வைத்தபோது கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். மகன் பிறந்தபோது கட்சிக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே அக்கா அம்சவல்லி, தம்பி பகலவன். தம்பி படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் போய் நின்றான். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ரெத்தினம், "எக்ஸ்ரே எடுக்குறான்" என்பார். திருச்சியிலேயே எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

போன மார்கழியில் பகலவன் ஒரு மாத விடுப்பில் வந்தான். வந்த மூன்றாம் நாளே விடிவதற்குள் வயலில் இறங்கி, கதிர் வாங்கும் பருவத்தில் இருந்த சம்பா நெல்லின் தாளை அறுத்து, அறுத்த இடத்தில் துளிர்த்த நீரைச் சொட்டு மருந்து எடுப்பதுபோல எடுக்க ஆரம்பித்தான். அப்பா வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டா, பால் புடிக்கிற நேரத்துல பயிர அறுக்குறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"நாலு தூர்தாம்ப்பா."

"நாலு தூரு நாலு படி நெல்லுடா!"

அவன் ஆராய்ச்சி இதுதான். வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தினால் செடிக்குள் மாங்கனீசு எந்த வடிவத்தில் ஏறுகிறது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் காயவிட்டுக் காயவிட்டுக் கட்டினால் எந்த வடிவத்தில் ஏறுகிறது என்று பார்க்கவேண்டும். அப்பா தண்ணீர் நிறுத்துகிறவர். பக்கத்து வயல்காரர் காய்ச்சலும் பாய்ச்சலும். இரண்டு வயலிலும் சாறு எடுத்தாயிற்று. எடுத்த நொடியில் அதை உறையவைக்கவேண்டும், கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை உருகக்கூடாது. அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், அதை ஊற்றி வைக்கும் கேன் வேண்டும், சின்னக் குழாய்கள் வேண்டும். இதெல்லாம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அக்காவிடம் இருந்தன.

"பெரிய ஆராய்ச்சி, பெரிய ஆராய்ச்சின்னு பீத்திக்கிறிய, கடைசில மாட்டு ஊசிக் குச்சிதான் கேக்குற" என்றாள் அம்சவல்லி. சொல்லிவிட்டு, உறைவிந்து அடைக்கும் காலிக் குச்சிகளில் இருபத்துநான்கைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தாள். ஆரஞ்சு நிறம், பந்து பேனா ரீஃபிலைவிட மெல்லியது, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அவன் சாறு நிரப்ப, அவள் வாயை அடைத்து, கேனுக்குள் இறக்கினாள்.

அன்று சோறு தின்னும்போது அவளே கேட்டாள். "அந்தத் தண்ணிக்குள்ள இருக்குறத எப்படிடா பாப்பீங்க?"

பகலவனுக்கு இந்தக் கேள்வி கிடைத்தால் போதும், சோறு ஆறிவிடும். "அதுல தொண்ணூத்தொம்பது பங்குக்கும் மேல தண்ணிக்கா. மாங்கனீசு லட்சத்துல ஒண்ணு இருந்தா பெருசு. மென் எக்ஸ்-கதிர்னு ஒண்ணு, காத்துல ஒரு சாண்கூடப் போகாது, அவ்வளவு சாது. அத இது மேல விட்டா ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு ஒரு அளவுல திருப்பி ஒளி விடும். தண்ணியில உள்ள ஆக்சிஜன் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி கத்தும். அதுக்குள்ள ஒரே ஒரு ஆளு முணுமுணுக்குறதக் கேக்கணும்."

"எப்படிக் கேப்பே?"

"மீக்கடத்தின்னு கேள்விப்பட்டிருக்கியா? ஒரு மெல்லிசுத் தகடு. ரொம்பக் குளிரவச்சா கரண்ட்டுக்குத் தடையே இல்லாமப் போயிரும். நாங்க அத சரியா அந்த எல்லையில நிறுத்தி வச்சிருப்போம். ஒரே ஒரு ஒளித் துணுக்கு விழுந்தாப் போதும், அந்தச் சூட்டுக்கே தடை எகிறும். எவ்வளவு எகிறுச்சுன்னு பார்த்தா, வந்தது ஆக்சிஜனோடதா மாங்கனீசோடதான்னு தெரிஞ்சிரும். ஒவ்வொண்ணா எண்ணலாம்."

அம்சவல்லி ஒரு கவளத்தை மென்று முழுங்கினாள். "அப்பா மாதிரின்னு சொல்லு. எப்பவும் எல்லையிலயே நிப்பாரு. வாசல்ல ஒரு காலு பட்டா எகிறுவாரு. அவரு கத்துற கத்த வச்சே வந்தது வட்டிக்காரனா, கட்சிக்காரனா, மச்சானான்னு அம்மா அடுப்படியிலேருந்து சொல்லும்."

பகலவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். பத்து வருஷமாக மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியது ஒரு வாயில் முடிந்துபோயிருந்தது. "அதேதாங்க்கா. இருநூத்தி நாப்பது அப்பாவ வரிசையா உக்கார வச்சிருக்கோம்."

"வெளங்கும். எம்புட்டுக் குளிரு வேணும்? எங்கேன் மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு தெரியும்ல?"

"உங்கேன் எங்களுக்கு வெந்நீரு."

அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் முறை குழம்பு கிடைக்கவில்லை.

இனி நடந்த தப்புக்கு வருவோம். பெரிய கேனுக்குள் ஆறு நீளக் குவளைகள் தொங்கும். ஒவ்வொன்றின் கைப்பிடியும் கேனின் வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மாட்டியிருக்கும். அம்சவல்லி ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குவளை வைத்திருந்தாள். ஜெர்சிக்கு மஞ்சள் நூல், கலப்பினத்துக்குப் பச்சை. சிவப்பு நூல் உம்பளாச்சேரிக் காளைக்கு. நம் நாட்டு இனம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் அதை எடுப்பாள், சுலபத்தில் கிடைக்காத சரக்கு.

தம்பிக்காக இரண்டு குவளைகளைக் காலி செய்து கொடுத்தாள். "நீயே அடையாளம் கட்டிக்க" என்றாள். அவன் தண்ணீர் நிறுத்திய வயலுக்கு நீலம், காய்ச்சல் போட்ட வயலுக்குச் சிவப்பு என்று கட்டினான். காய்ச்சலுக்குச் சிவப்பு பொருத்தம்தானே என்று அவனுக்கு ஒரு நியாயம். மறுநாள் அவள் பார்த்தாள், கேனில் இரண்டு சிவப்பு. மாற்றிக் கட்ட ஒரு நிமிஷம் போதும். "இடது பக்கம் இருக்குறது என்னுது" என்று மனதில் குறித்துக்கொண்டு மூடியைப் போட்டுவிட்டாள். இடது கைதான் அவளுக்குத் தொழில் கொடுத்த கை, மறக்காது என்ற திமிர். அந்த வாரம் நைட்ரஜன் வண்டி வந்தது. வண்டிக்காரர் கேனை வாசலுக்குத் தூக்கிப்போய், ரொப்பி, திரும்பக் கொண்டுவந்து வைத்தார். வட்டமான கேனுக்கு இடது ஏது, வலது ஏது?

பகலவன் கிளம்பும் நாளில் அவனுடைய பயணக் கேனுக்குக் குச்சிகளை மாற்றியது அவள்தான். அவன் உதவ வந்தான்.

"தள்ளிப் போடா. நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் உருகிப்போயிரும்."

அதில் உண்மை இருந்தது. குச்சியைப் புகைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தால் சில விநாடிகளில் உள்ளே உள்ள உயிரணுக்கள் செத்துவிடும். அதனால் அவள் எப்போதும் குச்சியைப் படிப்பதில்லை. நூலைப் பார்ப்பாள், இடுக்கியை விடுவாள், எடுப்பாள். குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணைக்கூடப் பதிவேட்டில் மனப்பாடமாகத்தான் எழுதுவாள். நீல நூலிலிருந்து பன்னிரண்டு. "இடது பக்க"ச் சிவப்பை விட்டுவிட்டு மற்றச் சிவப்பிலிருந்து பன்னிரண்டு. உம்பளாச்சேரிக் குச்சியும் அன்றைக்குப் பன்னிரண்டுதான் கையிருப்பு. எண்ணிப் பார்த்தாலும் பிடிபடாத அளவுக்கு நேரம் நன்றாக இருந்தது. இப்படியாக, திருவாரூர்ப் பக்கத்துக் காளை ஒன்றின் பன்னிரண்டு குச்சி விந்து விசா இல்லாமல் ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. நெல்லுச் சாறு பூதலூரில் தங்கிவிட்டது.

தையிலும் மாசியிலும் நாட்டு இனம் கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து மாட்டுக்கும் அம்சவல்லி நெல்லுச் சாறைப் போட்டாள். வழக்கம்போல வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம், துடைப்பு, நுனியில் ஒரு வெட்டு, துப்பாக்கி, இடது கை. வழக்கம்போல வம்பு. மாடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தோராம் நாள் முதல் மாடு கத்தியது. அடுத்தது இரண்டாவது. நான்கு மாடு வரிசையாகத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. இரண்டுக்கு அவளே மறுபடி போட்டாள், மறுபடியும் நிற்கவில்லை. அந்த இரண்டில் ஒன்று தியாகராசனுடையது. மேலத்தெருவில் பத்து வேலி நிலக்காரர். அவர் வீட்டுக்கு அம்சவல்லி இன்றைக்கும் கொல்லை வழியாகத்தான் போகவேண்டும். அப்பா காலத்தில் அவர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்ட "ஆண்டை" என்ற பழைய வார்த்தை இவள் வாயில் வராது. "சார்" என்பாள். அவருக்கு அது பிடிக்காது, மாடு சினையாகிறவரை பொறுத்துக்கொண்டிருந்தார்.

"ராசியாவது மண்ணாவது. வயசாயிட்டா கை நடுங்கும்" என்று அவர் டீக்கடையில் சொன்னது மாலைக்குள் பன்னிரண்டு கிராமத்துக்கும் போய்விட்டது. வயது நாற்பத்தாறு. கை நடுங்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு அவளே ஒருநாள் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். வீரையன் என்று ஒரு பையன் புது பைக்கில் புதுக் கேனோடு சுற்ற ஆரம்பித்திருந்தான். தெருமுனையில் அவளைப் பார்த்தால் ஹாரன் அடித்துச் சிரிப்பான். பங்குனியில் அவளுக்கு வந்த அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. தீவனத்தைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், விந்து வந்த நிலையத்தைத் திட்டினாள். ராத்திரி படுத்தால் பயமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் கட்டியது இப்படி ஓசையில்லாமல் போகும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அப்போது அவளுக்கு இருந்த ஒரே தெம்பு நாகம்மாள். கீழத்தெருவில் தனியாக இருக்கும் விதவை, ஒற்றை மாட்டுக்காரி. ஐந்தாவது மாடு அவளுடையது. அது திரும்பக் கத்தவே இல்லை. மூன்றாம் மாதம் கையை விட்டுப் பார்த்து, "சினைதான்" என்று அம்சவல்லியே உறுதி சொன்னாள். அன்றிலிருந்து நாகம்மாள் ரேஷன் கடை வரிசையில் நின்று முழங்கினாள்: "எம்மாட்டுக்கு நின்னுச்சுல்ல? கையில கோளாறுன்னா எனக்கு மட்டும் எப்படி நிக்கும்? ஒங்க மாட்டுல கோளாறு!" இதை அம்சவல்லியும் போகிற இடமெல்லாம் சொன்னாள். அந்த ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூழ்காமல் இருந்தாள்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும், ஒரு புதன்கிழமை மத்தியானம். ஒரு மாட்டுக்குள் கை இருந்தபோது போன் அடித்தது. மாட்டுக்காரர் எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பகலவன். பின்னால் வெள்ளைக் குழாய்களும் ஒயர்களுமாக ஏதோ ஓர் இயந்திரம். நான்கு நாள் மட்டும் அந்த எக்ஸ்-கதிரை அவன் பயன்படுத்த விட்டிருந்தார்கள், அதற்கு இரண்டு வருஷம் காத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா! அப்பா வயல் சாறு அருமையா வந்துச்சு. மாங்கனீசு குட்டியா, ஆனா தெளிவா நிக்குது. ஆனா பக்கத்து வயல் சாறு இருக்கே, அது வேற லெவல்க்கா!"

"என்னடா ஆச்சு?"

"எல்லாத்தையும் சேர்த்து ஒரு தடவ பொதுவாப் பார்ப்போம். அதுல கார்பனும் நைட்ரஜனும் மலை மாதிரி. அதுக்கு அந்தாண்ட துத்தநாகம்! செடிச் சாறுல இவ்வளவு யாரும் பார்த்ததே இல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாத் தண்ணி கட்டுனா நெல்லுல துத்தநாகம் ஏறுதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? வெள்ளிக்கெழம எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லிட்டாங்க."

"கார்பனு, நைட்ரஜனு... சோத்து பாஷையில சொல்லுடா. எது மாதிரி?"

அவன் யோசித்தான். "சோத்து பாஷையிலன்னா... முட்ட மாதிரின்னு வச்சுக்கயேன். முட்ட மஞ்சக்கரு. ஆமா, வெட்டி ஊத்தும்போது கொஞ்சம் பால் மாதிரிகூட இருந்துச்சு. குச்சி மேல ஏதோ நம்பர் இருந்துச்சு, அது கம்பெனி நம்பர்தான?"

அம்சவல்லியின் கை மாட்டுக்குள் அப்படியே நின்றுவிட்டது. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காளையின் விந்தை உறையவைக்க அதில் முட்டை மஞ்சள் கருவைக் கலப்பார்கள். அவள் கொடுத்த காலிக் குச்சியில் நம்பர் எதுவும் கிடையாது.

"அப்புறம் பேசுறேண்டா" என்றாள்.

வீட்டுக்கு வந்து கேனைத் திறந்தாள். ஒரு சிவப்பு நூல் குவளை காலி. இன்னொன்றில் ஐந்து குச்சி மிச்சம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்த்தாள். படிக்க அதில் ஒன்றும் இல்லை, மழமழவென்று இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் வெட்டி விட்டாள். தண்ணீர். ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். பச்சைத் தாளை மென்றதுபோலச் சப்பென்று இருந்தது. வேறு ஏதாவதாக இருந்திருந்தால் என்று யோசித்தது அதற்குப் பிறகுதான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். நாலு மாடு நிற்காததை ஊர் நாலு மாதத்தில் மறந்துவிடும். சொன்னாலோ, கை நடுங்குகிறது என்பதுகூடத் தேவலாம் என்றாகிவிடும். மாட்டுக்குள் நெல்லுத் தண்ணீர் ஊற்றினவள் என்று அவள் செத்த பிறகும் பேசுவார்கள். அன்று மாலை முழுக்க அவள் பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவினாள். அப்பா "யாரு மேலடி கோவம்?" என்று இரண்டு தடவை எகிறினார். ஒரு காளையின் சமாச்சாரத்தை நெல்லின் பெருமை என்று தம்பி வெள்ளைக்காரர்கள் முன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பெயரும் அவள் பெயரைப் போலத்தான், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டியது.

வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

"பகலவா, கோவப்படாமக் கேளு. நீ பார்த்தது நெல்லு இல்ல. உம்பளாச்சேரிக் காளை."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது, இயந்திரச் சத்தம் நின்றது.

"அக்கா, ப்ரொஃபஸருக்கு மெயில் போட்டுட்டேனே."

"இன்னொண்ணு போடு."

"என்னன்னு போட? காளையோட... அதுன்னா?"

"அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இருக்குமுல்ல, நீதான் படிச்சவன்."

அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும். கடைசியில் கேட்டான்: "அப்ப என் சாறு எங்க?"

"எட்டு போச்சு. ஏழு மாட்டுக்கு, ஒண்ணு டம்ளருக்கு. நாலு இருக்கு."

"மாட்டுக்கா?" என்று கத்தினான். கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நாலு போதும்க்கா. எங்க மிஷினுக்கு ஒரு சொட்டு போதும். அடுத்து அக்டோபர்ல நாள் கேக்குறேன். அதுவரைக்கும் கேனு வத்தாமப் பார்த்துக்க. நூல மாத்திக் கட்டு!"

வெள்ளிக்கிழமை அவன் உள்ளதைச் சொன்னான். அரங்கமே பத்து நிமிஷம் சிரித்ததாம். அப்புறம் ப்ரொஃபஸர் எழுந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத பொருளை வைத்து ஒரு கருவியை இவ்வளவு நேர்மையாக யாரும் சோதித்ததில்லை என்றாராம். பகலவன் இதை எழுதி அனுப்பியபோது அக்கா அதைப் படிக்கும் நிலையில் இல்லை. அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பியிருந்தாள்.

தம்பி அத்தனை பேர் முன்னால் சொல்லும்போது தான் ஐந்து வீட்டில் சொல்லக்கூடாதா என்பது அவள் கணக்கு. முதல் வீட்டில் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "நல்லவேள, நாத்து மொளைக்கல" என்றார். மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்தினார்கள். தியாகராசன் வீட்டில் அவள் கொல்லைப் பக்கம் போகவில்லை. சொல்லவேண்டியது இது, சுற்றிப்போய்ச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று வாசல் வழியாகவே போய் நின்றாள்.

"சார், உங்க மாட்டு மேல தப்பு இல்ல. என் கை மேலயும் இல்ல. குச்சி மாறிப்போச்சு, நான் பார்க்காம எடுத்துட்டேன். ரெண்டு தடவையும் நெல்லுச் சாறுதான் போட்டேன்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஏசினார். எந்த இடத்தில் நின்று பேசுகிறாய் என்பதில் ஆரம்பித்து, எந்த ஜாதியில் பிறந்தாய் என்பதுவரை போய், இனி வீரையன்தான் என்று முடித்தார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வந்த வழியே வாசல் வழியாகத் திரும்பினாள். அந்த வீட்டுக்கு அவள் அப்புறம் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

நாகம்மாள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கேதான் சொல்ல வாயே வரவில்லை. மாடு தவிட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"வா அம்சா. மோரு குடிக்கிறியா?"

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஒம்மாட்டுக்கு நான் போட்டது ஊசியே இல்லக்கா. நெல்லுத் தண்ணி. இது எப்படிச் சினையாச்சுன்னு எனக்குத் தெரியல."

நாகம்மாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ போட்டுட்டுப் போன மறுநா, கோயில் காளை கொல்லப் பக்கம் மேஞ்சிக்கிட்டு நின்னுச்சு. நாந்தான் மாட்ட அவுத்து விட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? இருக்குறது ஒத்த மாடு. ஒன் ஊசிய மட்டும் நம்பிக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுமா?"

பன்னிரண்டு கிராமத்தில் அவளுக்காகப் பேசிய ஒரே வாய் அது. அம்சவல்லி கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டில் உட்கார்ந்துவிட்டாள். கோபம்தான் முதலில் வந்தது, அப்புறம் தாங்கமுடியாத சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பில் வந்த தண்ணீராக மட்டும் இல்லை.

"அப்ப ஏன்க்கா ரேஷன் கடையில என் பேரச் சொல்லிக் கத்துன?"

நாகம்மாள் தலையைச் சொறிந்தாள். "தியாகராசன் பேசுனது எனக்குப் புடிக்கல. அதான். கோயில் காளை பேரச் சொன்னா ஒனக்கு என்ன மிச்சம்? கன்னு பொறந்தா ஒன் பேருதான் வைக்கப்போறேன், கெடேரியா இருந்தா."

அம்சவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்த பதிவேட்டைப் பிரித்து நாகம்மாள் மாட்டின் வரியைத் தேடினாள். அதில் மனப்பாடமாக எழுதியிருந்த காளை எண்ணை அடித்துவிட்டு, மேலே "கோயில் காளை" என்று தெளிவாக எழுதினாள். எழுதியதை ஒரு தடவை படித்தும் பார்த்தாள்.

"ஏண்டி, யாரு கேட்டா? எதுக்கு அத எழுதுற?"

"எழுதிருவோம்க்கா" என்றாள் அம்சவல்லி. "எந்தம்பிகிட்ட ஒரு மிஷின் இருக்கு. எப்படியும் கண்டுபுடிச்சிரும்."